ஒரே கடலை, இரண்டு அறிக்கை: எதை நம்புவது?

திண்டிவனம் பக்கம் மரச்செக்கு வைத்திருக்கும் நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். காய் உடைத்த மணிலாப் பயிறு, அதாவது நிலக்கடலை, 5 டன் வாங்கினாராம். 50 கிலோ மூட்டையாக 100 மூட்டை. வாசல் பக்கம் இருந்த ஒரு மூட்டையைப் பிரித்து, அரை அரைக் கிலோவாக இரண்டு பொட்டலம் கட்டி, இரண்டு ஆய்வகங்களுக்குக் கொடுத்திருக்கிறார். ஓர் ஆய்வகம், பூசணம் உண்டாக்கும் நச்சான அஃப்ளாடாக்சின் 4.2 என்றது. இன்னொன்று 61 என்றது. "இதில் எந்த லேப் பொய் சொல்கிறது? நான் எதை நம்பி ஆட்டுவது?" என்பது கேள்வி.

இதில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. எந்த ஆய்வகம் சரி என்பது ஒன்று. அந்த 100 மூட்டையும் செக்கில் போடத் தகுந்தவையா என்பது மற்றொன்று. உங்களுக்கு உண்மையில் வேண்டியது இரண்டாவதுக்கான விடைதான். முதல் கேள்விக்கு விடை கிடைத்தாலும் இரண்டாவது அப்படியே நிற்கும். பதினெட்டு ஆண்டுகளாக உணவு ஆய்வகத்தில் இதே வேலையில் இருக்கிறேன்; பெரும்பாலும் நிலக்கடலை, மிளகாய், மக்காச்சோளம். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: இரண்டு ஆய்வகங்களுமே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் 4.2 என்ற அறிக்கையை வைத்து 61ஐத் தள்ளிவிடக் கூடாது.

முதலில் அளவைப் பார்ப்போம். அறிக்கையில் பி.பி.பி. என்று இருந்தாலும் ஒரு கிலோவுக்கு இத்தனை மைக்ரோகிராம் என்று இருந்தாலும் இரண்டும் ஒன்றே. நூறு கோடிப் பங்கில் ஒரு பங்கு. நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிப்படி, மேற்கொண்டு பக்குவப்படுத்தப் போகும் நிலக்கடலையில் மொத்த அஃப்ளாடாக்சின் 15க்கு மேல் இருக்கக் கூடாது; அப்படியே தின்னும் கடலைக்கு 10. ஐரோப்பிய ஒன்றியத்தில் நேரடியாக உண்ணும் கடலைக்கு 4தான். 15 என்றால், உங்கள் 5 டன் கடலையிலும் சேர்த்து 75 மில்லிகிராம் நச்சு. ஒரு சிட்டிகை உப்பு இதைவிடக் கனமாக இருக்கும். அந்தச் சிட்டிகை 100 மூட்டையிலும் சமமாகத் தூவிக் கிடந்தால் என் தொழில் சுலபமாக முடிந்துவிடும். அது அப்படிக் கிடப்பதில்லை.

கடலையில் நச்சு பயிறுக்குப் பயிறு தனித்தனியாக ஏறுகிறது. காய் முற்றும் கடைசி நாலைந்து வாரத்தில் மழை பொய்த்து மண் சூடேறினால், கறையானோ புழுவோ ஓட்டில் ஓட்டை போட்டால், அந்தந்தக் காய்க்குள் ஆஸ்பர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்ற பூசணம் நுழைகிறது. பிடுங்கிய செடியை ஈரத்தோடு குவித்து வைத்தாலும் அதேதான். பக்கத்துக் காய் சுத்தமாக இருக்கும். 1960களிலேயே தனித்தனிக் கடலையாகச் சோதித்துப் பார்த்தவர்கள், ஒரே ஒரு பயிறில் பத்து லட்சம் பி.பி.பி. வரைக்கும் இருந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். ஒரு லோடு கெட்டது என்று சொல்ல, ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவான கடலையே போதும்.

உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம். ஒரு பயிறு அரை கிராம் என்று வையுங்கள். அரைக் கிலோ பொட்டலத்தில் 1,000 பயிறு. 5 டன்னில் ஒரு கோடி. இரண்டாயிரத்துக்கு ஒரு பயிறு மட்டும் கெட்டது, அதில் 60,000 பி.பி.பி. நச்சு என்று கொள்வோம். மற்றதெல்லாம் சுத்தம். அப்படியானால் மொத்த லோடின் உண்மையான சராசரி 30. வரம்பைப் போல இரண்டு மடங்கு. இந்த லோடிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு அரைக் கிலோ பொட்டலமாகப் பத்து எடுத்தால், ஏறக்குறைய ஆறு பொட்டலங்களில் அந்தக் கெட்ட பயிறு ஒன்றுகூட இருக்காது. மூன்று பொட்டலங்களில் ஒரு கெட்ட பயிறு இருக்கும். அவை 60 காட்டும். மிச்சமிருக்கும் ஒன்றில் இரண்டு விழுந்து 120 காட்டும். உண்மையான 30ஐக் காட்டும் பொட்டலம் அந்தப் பத்தில் ஒன்றுகூட இல்லை. நிஜக் கடலையில் லேசாகக் கெட்டது, நடுத்தரமாகக் கெட்டது என்று பல தரம் இருப்பதால் 0க்குப் பதில் 4.2 போன்ற எண்கள் வரும். ஒரே மூட்டையின் இரண்டு பொட்டலங்கள் 4.2 என்றும் 61 என்றும் வந்ததில் எனக்கு வியப்பு இல்லை.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். தப்பு இரண்டு பக்கமும் சமமாக விழவில்லை. கெட்ட லோடிலிருந்து எடுத்த சின்ன மாதிரிகளில் பாதிக்கு மேல் உண்மையைவிடக் குறைவாகத்தான் காட்டும். சிலது மட்டும் மிகையாகக் காட்டும். ஆகவே குறைந்த எண் தருகிற நிம்மதி குறைவு, உயர்ந்த எண் தருகிற எச்சரிக்கை அதிகம். 61 என்பது உங்கள் லோடின் அளவு அல்ல. அந்த மூட்டையில் கெட்ட பயிறு இருக்கிறது என்பதற்கு அது சாட்சி. 4.2 அந்தச் சாட்சியை மறுக்கவில்லை, அந்தப் பயிறு தன் பொட்டலத்துக்கு வரவில்லை என்று மட்டும் சொல்கிறது. மீதி 99 மூட்டைகளைப் பற்றி இரண்டு அறிக்கையுமே வாய் திறக்கவில்லை. அமெரிக்க வேளாண்துறையின் தாமஸ் விட்டேக்கர் வாழ்நாள் முழுக்க இந்த மாதிரி எடுக்கும் சிக்கலைத்தான் ஆராய்ந்தார். கடலையில் அறிக்கைக்கு அறிக்கை வரும் வேறுபாட்டில் பெரும்பங்கு மாதிரி எடுப்பதிலிருந்தே வருகிறது, கருவியிலிருந்து வருவது சொற்பம் என்பது அவர் வேலையில் திரும்பத் திரும்ப உறுதியானது.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில் இதைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் ஒரு தவறு செய்தேன். ஒரு வியாபாரி ஒரு கிலோ கடலை கொண்டுவந்தார். அதில் மேலாக ஐம்பது கிராம் அள்ளி, மிக்சியில் அரைத்து, சோதித்து, "கண்டறியப்படவில்லை" என்று எழுதிக் கொடுத்தேன். அதே சரக்கு துறைமுகம் தாண்டிப் போய்த் திரும்பி வந்தது. மிச்சம் வைத்திருந்த கடலையை மேசையில் கொட்டி, ஒவ்வொன்றாகப் பிளந்து பார்த்தேன். வெளியே தோல் சிவப்பாக, சற்றே சுருங்கி, மற்றதைப் போலவே இருந்த ஒரு பயிறு. இரண்டு பருப்புக்கும் நடுவில் இருக்கும் சின்னக் குழியில் சாம்பல் கலந்த பச்சைப் பொடி படிந்திருந்தது. ஊசி முனையால் தொட்டால் எழுந்து பறந்தது. அது போல இன்னும் இரண்டு கிடைத்தன. கருவி சரியாகத்தான் வேலை செய்திருந்தது. அந்த ஐம்பது கிராமில் அந்த மூன்றும் இல்லை.

அதனால் ஆய்வகத்தில் முதல் வேலை, வந்த கடலை முழுவதையும் அரைப்பது. பாதியை எடுத்து அரைத்தாலே தவறு ஆரம்பித்துவிடுகிறது. கடலை எண்ணெய் விட்டு மாவாகாமல் உருண்டை கட்டும். அதனால் பல இடங்களில் தண்ணீர் சேர்த்து நைசான கூழாக அடிப்பார்கள். அந்தக் கூழிலிருந்து எடுத்த சிறு பங்கை மெத்தனாலும் தண்ணீரும் உப்பும் கலந்து குலுக்கினால் நச்சு மெத்தனாலுக்கு வந்துவிடும். வடிகட்டி, நீர்த்து, ஒரு விரல் அளவுக் குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக விடுவோம். அந்தக் குழாய்க்குள் அஃப்ளாடாக்சினை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளும் எதிர்ப்புரதம் இருக்கிறது. நொடிக்கு ஓரிரு சொட்டு வேகம். அவசரத்தில் அழுத்தித் தள்ளினால் நச்சு பிடிபடாமல் நழுவிக் கீழே போய்விடும், எண் குறைந்துவிடும். பிறகு தண்ணீரால் கழுவி, கடைசியாகச் சுத்த மெத்தனாலால் நச்சை இறக்கி, கலவையைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவியில் செலுத்துவோம். அஃப்ளாடாக்சினின் நான்கு வகைகளும் ஜி2, ஜி1, பி2, பி1 என்ற வரிசையில் நான்கு முகடுகளாகத் திரையில் எழும்பும். பி, ஜி என்ற பெயர்களே புற ஊதா விளக்கின் கீழ் அவை நீலமாகவும் பச்சையாகவும் ஒளிர்வதால் வந்தவை. எங்கள் மூத்தவர்கள் கண்ணாடித் தட்டில் அந்த நீலப் புள்ளியைப் பார்த்தே அளவு சொன்னார்கள். இன்று நிறை நிறமாலைமானி உள்ள ஆய்வகங்கள் ஒரே ஓட்டத்தில் பல பூசண நச்சுகளைச் சேர்த்துப் பார்த்துவிடுகின்றன.

இந்தப் பகுதியில் எவ்வளவு வேறுபாடு வரலாம்? ஒரே கூழை நன்றாக வேலை செய்யும் பல ஆய்வகங்களுக்கு அனுப்பினால், இவ்வளவு நுண்ணிய அளவில் ஆய்வகங்களுக்கு இடையே சுமார் 22 விழுக்காடு விலகலை இயல்பு என்று எடுத்துக்கொள்கிறோம். உண்மை 15 என்றால் ஒருவர் 9 என்றும் இன்னொருவர் 21 என்றும் சொல்வது நடக்கக்கூடியதே. ஆனால் 4.2க்கும் 61க்கும் உள்ள தூரத்தை இது விளக்காது. அதற்கு மாதிரி காரணமாக இருக்க வேண்டும், அல்லது நிஜமாகவே ஏதோ பிசகு. அறிக்கைகளையும் அவற்றின் வரைபடங்களையும் நான் பார்க்கவில்லை. எனவே பிசகே இல்லை என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்களே சிலவற்றைச் சரிபார்க்கலாம். இரண்டு அறிக்கையும் ஒரே பொருளைச் சொல்கின்றனவா? ஒன்று பி1 மட்டும், மற்றது நான்கின் கூட்டுத்தொகை என்றால் ஒப்பிடவே கூடாது. எந்த முறையில் சோதித்தார்கள், எதிர்ப்புரதத்தையும் நிறமாற்றத்தையும் வைத்து அளக்கும் எலிசாவா, எச்.பி.எல்.சி.யா? கொடுத்த அரைக் கிலோவையும் அரைத்தார்களா, அல்லது அதில் கொஞ்சமா? இதைத் தொலைபேசியில் கேட்டாலே சொல்வார்கள். சொல்லத் தயங்கினால் அதுவும் ஒரு தகவல். தெரிந்த அளவு நச்சைக் கலந்து சோதித்தால் எத்தனை விழுக்காடு திரும்பக் கிடைக்கிறது என்ற மீட்பு அளவைக் கேளுங்கள். 70க்குக் கீழே என்றால் அந்த எண்ணை நான் ஏற்கமாட்டேன். ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியமான என்.ஏ.பி.எல். முத்திரை இருந்தால் மட்டும் போதாது. அந்த அங்கீகாரப் பட்டியலில் நிலக்கடலையில் அஃப்ளாடாக்சின் என்ற சோதனை இருக்கிறதா என்று பாருங்கள். மசாலாவுக்கு அங்கீகாரம் வாங்கிய ஆய்வகம் கடலைக்கும் வாங்கியிருக்கும் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

பட்டைச் சோதனை வாங்கி வீட்டிலேயே பார்த்துவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மூட்டை வாங்கும் இடத்தில் வடிகட்ட அது உதவும். ஆனால் பெரும்பாலான பட்டைகளில் கோடு தெரிந்தால் நச்சு குறைவு, கோடு மறைந்தால் அதிகம். கர்ப்பச் சோதனைப் பட்டையைப் பார்த்துப் பழகியவர்கள் இதைத் தலைகீழாகப் படித்ததை நேரில் பார்த்திருக்கிறேன். அதோடு மாதிரிச் சிக்கலைப் பட்டையும் தீர்க்காது. பத்துக் கிராம் கடலையை இடித்துப் போட்டால் அந்தப் பத்துக் கிராமைப் பற்றித்தான் அது சொல்லும்.

இப்போது உங்கள் 100 மூட்டைக்கு வருவோம். ஒவ்வொரு மூட்டையிலும் குத்தூசியை மேலே, நடுவே, அடியில் என்று மூன்று இடத்தில் குத்தி, மூட்டைக்கு 200 கிராம் எடுங்கள். எந்த மூட்டையையும் விடக் கூடாது, அடுக்கின் அடியில் சுவரோரம் இருப்பதை முக்கியமாக. மொத்தம் 20 கிலோ சேரும். ஐரோப்பாவில் பெரிய லோடுக்கு 100 இடத்தில் எடுத்து 20 கிலோ சேர்க்கும் முறை நெடுங்காலம் விதியாகவே இருந்தது. மேலே போட்ட கணக்கிலேயே, 20 கிலோவில் 40,000 பயிறு, அதில் சராசரியாக 20 கெட்டவை வரும். அந்த லோடு வரம்புக்குள் இருப்பதாகக் காட்டித் தப்பிக்க நூற்றில் ஒரு தடவைதான் வாய்ப்பு. அரைக் கிலோவில் அது பத்தில் ஆறு தடவை தப்பித்தது.

இருபது கிலோவையும் அரைக்கும் வசதி எல்லா ஆய்வகத்திலும் கிடையாது, முன்கூட்டிப் பேசுங்கள். இல்லையென்றால் உங்களிடமே ஒரு நல்ல அரைவை இயந்திரம் இருக்கிறது. அந்த 20 கிலோவைத் தனியாக ஒரு ஆட்டு ஆட்டுங்கள். அஃப்ளாடாக்சின் எண்ணெயில் அதிகம் கரையாது. பெரும்பகுதி புண்ணாக்கில் தங்கிவிடும். புண்ணாக்கு முழுவதையும் பொடித்து, கலந்து, குவித்து, நாலாகப் பிரித்து எதிரெதிர்ப் பங்குகளைச் சேர்த்து, மறுபடி பிரித்து, கடைசியில் ஒரு கிலோவை ஆய்வகத்துக்குக் கொடுங்கள். எண்ணெயிலும் ஒரு குப்பி கொடுங்கள். 20 கிலோவில் 8 கிலோ எண்ணெய் போனால் மிச்சம் 12 கிலோ. கடலையில் 30 இருந்தது புண்ணாக்கில் 50ஐ நெருங்கிக் காட்டும். அதாவது புண்ணாக்கின் எண்ணை 0.6ஆல் பெருக்கினால் கடலையின் அளவு ஏறக்குறைய கிடைக்கும். இது நான் செய்யச் சொல்லும் நடைமுறைக் கணக்கு. சட்டப்படியான அறிக்கைக்கு ஈடாகாது. ஆனால் ஆட்டலாமா வேண்டாமா என்று நீங்கள் முடிவெடுக்க அரைக் கிலோப் பொட்டலத்தைவிட எவ்வளவோ மேல். அந்த ஆட்டின் எண்ணெயை விற்க வேண்டாம். முடிந்ததும் செக்கைச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். பொடிக்கும்போது மூக்கையும் வாயையும் நல்ல முகக்கவசத்தால் மூடிக்கொள்ளுங்கள்.

வரம்பைத் தாண்டினால் முழு லோடும் போச்சு என்று அர்த்தமில்லை. நச்சு சில பயிறில் குவிந்து கிடப்பதுதான் சோதிக்கிறவனுக்குத் தலைவலி. சுத்தம் செய்கிறவனுக்கு அதுவே வாய்ப்பு. சுருங்கல், சொத்தை, உடைசல், முளைவிட்டது, நிறம் மாறியது, பூசணம் தெரிவது இவற்றை நீக்கினால் நச்சில் பெரும்பங்கு அவற்றோடு போய்விடும். சல்லடை, கைப்பொறுக்கு, வசதி இருந்தால் நிறம் பிரிக்கும் இயந்திரம். பிறகு மறுபடி 20 கிலோ, மறுபடி சோதனை. நான் பிளந்து பார்த்த அந்த மூன்று பயிறு போல வெளித்தோற்றத்தில் ஏமாற்றுபவையும் இருப்பதால், பொறுக்கியதோடு நிறுத்தாமல் சோதித்தே ஆக வேண்டும். வறுத்தால் ஓரளவு குறையும், போகாது. ஆலையில் காரமிட்டுச் சுத்திகரிக்கும்போது எண்ணெயிலிருந்து நச்சு பெரும்பாலும் நீங்குகிறது. செக்கு எண்ணெய்க்கு அந்தப் படி இல்லை. கசண்டு அடியில் படியவிட்டு நன்றாக வடிகட்டினால் துகளோடு ஒட்டிய நச்சு குறையும். அதை நம்பிக் கெட்ட கடலையை ஆட்டக் கூடாது.

பொறுக்கிய கழிவைப் பற்றி எனக்கு ஆதங்கம் உண்டு. அது பெரும்பாலும் மலிவு விலைக்கு இன்னொரு எண்ணெய் ஆலைக்கோ மாட்டுக்கோ போய்ச் சேருகிறது. பசு தின்ற பி1 நச்சில் ஒன்று முதல் ஆறு விழுக்காடு வரை எம்1 என்ற இன்னொரு வகை அஃப்ளாடாக்சினாக மாறிப் பாலில் வருகிறது. பாலில் எம்1க்கு நம் வரம்பு 0.5 பி.பி.பி. அந்தப் பாலைக் குடிப்பது பெரும்பாலும் குழந்தைகள். கழிவை ஆழக் குழி தோண்டிப் புதையுங்கள். யாருக்கும் விற்க வேண்டாம்.

இந்த அளவில் எண்ணெய் சாப்பிட்டவர்களுக்கு உடனே ஏதாவது ஆகுமா என்று பயப்படுகிறீர்கள். 1974இல் ராஜஸ்தானிலும் குஜராத்திலும் பூசணம் பிடித்த மக்காச்சோளம் தின்று நூறு பேருக்கு மேல் கல்லீரல் கெட்டு இறந்தார்கள். ஆனால் அங்கே நச்சு கிலோவுக்கு மில்லிகிராம் கணக்கில் இருந்தது, உங்கள் 61 அதைவிடப் பல மடங்கு குறைவு. இங்கே கவலை வேறு. அஃப்ளாடாக்சின் மனிதருக்குக் கல்லீரல் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியானது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இதை முதல் தொகுதியில் வைத்திருக்கிறது. ஹெபடைட்டிஸ் பி உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடும். ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாக உள்ளே போவதால் வருவது அது. நான் மருத்துவர் இல்லை. யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள், என் பதிலை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது: 100 மூட்டையையும் தரையிலிருந்து பலகை மேல் ஏற்றி, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்குங்கள். ஈரப்பதம் பாருங்கள். பயிறில் 7 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் காயவைக்காமல் வைக்க வேண்டாம். பூசணம் வளர்ந்துகொண்டே போனால் அடுத்த மாதச் சோதனைக்கும் இன்றையதற்கும் தொடர்பே இருக்காது. 20 கிலோ மாதிரி எடுக்கும்போதே தனியாக இரண்டு கிலோ எடுத்து, காற்றுப் புகாத டப்பாவில் தேதி எழுதி, குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். விற்றவரோடு விலை பேச வேண்டி வந்தால், இரண்டு பேர் முன்னிலையில் எல்லா மூட்டையிலும் எடுத்த மாதிரி என்று காட்ட அது இருக்கும். அந்த ஒரு மூட்டையின் அரைக் கிலோவைக் காட்டினால் அவர் ஏற்கமாட்டார், ஏற்க வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை.